பகலில் உளவியல், ஞாயிற்றுக்கிழமை குற்றவியல்

உளவியலையும் குற்றவியலையும் ஒரே காலத்தில் படித்து இரண்டு பட்டப்படிப்பையும் முடிக்க எனக்கு மூன்றரை ஆண்டு ஆனது. அதில் ஒரு பருவம் முழுக்க வீண். கையை விட்டுப் போன பணம் 27,750 ரூபாய். ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிற வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. பாடம் புரியாமல் நான் எதையும் இழக்கவில்லை. எதை எப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாததால்தான் இழந்தேன். எங்கள் ஊரிலும் சேலத்திலும் இப்படி இரண்டையும் சேர்த்துப் படித்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. தனியாக அலைந்தேன், பல நாள் வீட்டில் சொல்லாமல் அழுதேன். அடுத்து வருகிறவர்கள் அப்படி அலையக் கூடாது என்றுதான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பது. ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவித்தது 2022 ஏப்ரலில். இரண்டும் நேரடி வகுப்பாக இருக்கலாம், ஆனால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது ஆன்லைன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே தொலைநிலையாகவும் இருக்கலாம். பிஎச்.டி.க்கு இது கிடையாது. இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: இது இரண்டு தனித்தனிப் படிப்பு. இரண்டு சேர்க்கை, இரண்டு கட்டணம், இரண்டு தேர்வு, இரண்டு சான்றிதழ். ‘உளவியலும் குற்றவியலும் சேர்ந்த இரட்டைப் பட்டம், ஒரே ஃபீஸ்’ என்று யாராவது சொன்னால், அது ஒரே பல்கலைக்கழகம் தன் பெயரில் நடத்தும் ஒருங்கிணைந்த படிப்பா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எழுந்து வரவில்லை. 2022 ஜூலையில் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் சேர்ந்துவிட்டு, குற்றவியலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு கடை மாடியில் இயங்கிய மையம் ஒன்றில் 18,500 ரூபாய் கட்டினேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் சொன்னார்கள். “பரீட்சைய நாங்க பாத்துக்கறோம் பாப்பா, நீ ரெகுலரை மட்டும் கவனி” என்றார் அங்கிருந்தவர். அந்த வார்த்தையிலேயே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, சேர்க்கை எண் கேட்டபோது தரவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் செய்து கேட்டால், தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமே இல்லை என்றார்கள். ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்விக்குக் கற்றல் மையம் வைக்கவே முடியாது. மையத்தைத் தனியாருக்கு ஏஜென்சி மாதிரி எடுத்துவிடுவதும் கூடாது. இந்த இரண்டு விதியும் தெரிந்திருந்தால் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன். பணம் திரும்ப வரவில்லை. அதைவிடக் கொடுமை, அதற்குள் ஜூலைப் பருவச் சேர்க்கை எல்லா இடத்திலும் முடிந்திருந்தது. ஜனவரி வரை காத்திருந்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.ஏ. குற்றவியல் சேர்ந்தேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல மூன்று மாதம் ஆனது. அந்தப் பணத்தில் பாதி, அம்மா மிளகு விற்று வைத்திருந்த காசு.

சரிபார்க்கும் முறை இதுதான். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குத் தனி இணையதளம் இருக்கிறது. அங்கே மூன்று விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பல்கலைக்கழகத்தின் பெயர், எந்தப் பருவம், எந்தப் படிப்பு. பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. போன வருடம் அனுமதி இருந்த படிப்புக்கு இந்த வருடம் இல்லாமல் போகலாம். அனுமதி படிப்புக்கும் பருவத்துக்கும் சேர்த்துத் தரப்படுகிறது. 2024இல் இருந்து தொலைநிலை, ஆன்லைன் சேர்க்கைக்கு டெப் ஐடி என்று அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் எண் ஒன்று கட்டாயம். அதை நீங்களே உங்கள் ஏபிசி ஐடியை, அதாவது படிப்பு மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கின் எண்ணை, வைத்து எடுக்க வேண்டும், ஏபிசி ஐடி ஆதாரோடு இணைந்தது. “நாங்களே எடுத்துத் தருகிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

இங்கே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: தலைப்பெழுத்து. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் இருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு விதம். ஒரே படிப்பு என்றால் எப்படியோ ஓடிவிடும். இரண்டு பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் ஒரே ஏபிசி கணக்குக்குள் வந்து சேர வேண்டும் என்னும்போது இது பெரிய தலைவலியாகிவிடும். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம். அதனால் ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள், அதுவும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே.

அடுத்து மாற்றுச் சான்றிதழ். கல்லூரியில் டி.சி. போய்விடும், அது இயல்பு. இரண்டாவது இடத்தில் டி.சி. எங்கே என்று கேட்பார்கள். அதனால் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்பே மூன்று நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். நகலோடு, நான் அங்கே படிக்கிறேன் என்று காட்டும் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தபோது என்னிடம் ஏற்றுக்கொண்டார்கள். டி.சி. தவிர்த்த மற்ற அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே யுஜிசி அறிவித்திருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் இது தெரியாதவர்களும் இருப்பார்கள். கோபப்பட வேண்டாம். அறிவிப்பின் நகலை வைத்துப் பணிவாகக் கேளுங்கள். இரண்டாவது படிப்பில் சேர்வதையும் ஒரு பக்கக் கடிதமாக முதல்வருக்கு எழுதி, 2022 அறிவிப்பின் நகலை இணைத்து, ஒரு பிரதியில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “நம்ம காலேஜ்ல அப்படி ரூல் இல்லம்மா” என்றுதான் என்னிடம் முதலில் சொன்னார்கள். முத்திரை வாங்க நான்கு முறை போனேன். அந்தத் தாள்தான் பின்னால் இரண்டு தடவை கைகொடுத்தது.

இப்போது முக்கியமான கேள்வி: எதை நேரில் படிப்பது, எதைத் தொலைநிலையில் படிப்பது? உளவியலை நேரில், குற்றவியலைத் தொலைநிலையில். வேறு பேச்சே இல்லை. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டத்துக்குள் உளவியல் வந்துவிட்டதுதான் காரணம். பி.ஏ.வில் பல சிறப்புப் பாடங்களில் ஒன்றாக உளவியல் இருந்தாலும் அந்தப் பிரிவு மட்டும் எடுக்கப்பட்டுவிடும். எங்கள் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் பி.ஏ. குற்றவியலை முடித்துவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே எம்.ஏ. உளவியலைத் தபாலில் படித்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் காசு சேர்த்தார். 2025 ஆகஸ்டில் அந்தக் கதவு மூடிவிட்டது. நான் சரியான வரிசையில் படித்தது அறிவால் இல்லை, உளவியலுக்குச் சேலத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

சட்டம் எப்படி இருந்தாலும் உளவியலை நேரில் படிக்க இன்னொரு காரணமும் உண்டு: செய்முறை. ஒரே நீளக் கோடுகள் அம்புமுனைகளால் நீளம் மாறித் தெரியும் முல்லர்–லையர் பலகையில் ஒரு கோட்டைச் சமமாக நிறுத்தச் சொல்லும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முறை வெளியிலிருந்து உள்ளே நகர்த்த வேண்டும், பத்து முறை உள்ளிருந்து வெளியே. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவில்லை என்றால் கை நகரும் திசையால் வரும் பிழை, கண்ணால் வரும் பிழையோடு கலந்துவிடும். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையில் ஒவ்வொரு முயற்சிக்கும் நேரமும் தவறும் குறித்து வரைபடம் போட வேண்டும். ஒரு சோதனை நடத்த ஒரு மணி நேரம், ரெக்கார்டு எழுத மூன்று மணி நேரம். நோக்கம், கருதுகோள், கருவிகள், செயல்முறை, முடிவு, விவாதம் என்று எழுதிக்கொண்டே போகும்போது விவாதத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். முடிவையே இன்னொரு முறை எழுதிவிடுவார்கள். கருதுகோள் ஏன் நின்றது, ஏன் விழுந்தது என்பதுதான் அங்கே வர வேண்டும். செய்முறைக்கு ஒரு ஜோடி உண்டு. நீங்கள் ஒருநாள் வராவிட்டால் அவளுக்கும் சோதனை நடக்காது. அதனால் குற்றவியல் நேர்முக வகுப்புக்காகச் செய்முறை நாளை ஒருபோதும் விடாதீர்கள். 75 சதவீத வருகைப் பதிவைக் கணக்குப் போட்டு விடுப்பு எடுக்கலாம் என்பவர்கள், செய்முறை வகுப்பை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி ஏறுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தை வைத்துப் படித்தால் மூன்றாவது வளைவிலேயே குமட்டும். நான் செய்தது, சட்டப் பிரிவுகளை என் குரலிலேயே போனில் பதிந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டது. ஒரு பதிவுக்கு ஐந்து பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், பத்து நிமிடத்துக்குள். உளவியலை இப்படிக் கேட்டுப் படிக்க வராது, அதில் படமும் அட்டவணையும் அதிகம். சட்டத்துக்கு நன்றாக வரும். ஆனால் தேர்வு மாதங்களில் மலையில் இருக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, மறுநாள் என்ன ஆகுமோ என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவசரமாக அஸ்தம்பட்டியில் ஒரு விடுதியில் நான்கு வாரத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்துத் தங்கினேன். அக்டோபரிலேயே தோழிகளோடு பேசி வைத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

தேர்வு மோதல்தான் என்னை உடைத்த இடம். நேரடிக் கல்லூரிக்குப் பருவத் தேர்வு நவம்பர்–டிசம்பர், ஏப்ரல்–மே. தொலைநிலைக்கு எனக்கு டிசம்பரிலும் ஜூனிலும். பார்த்தால் மோதாது போலத்தான் இருக்கும். மழை விடுமுறையில் இங்கே ஒரு தேர்வு தள்ளிப்போனால், அது நேராக அங்கே போய் விழும். 2023 டிசம்பரில் ஒரே நாள் மதியம் புள்ளியியலும் தண்டனையியலும். நேரடிப் படிப்பை எழுதினேன், மற்றதை விட்டேன். அந்தப் பருவத்தில் அப்படி மூன்று தாள் போனது. மறுபதிவு, தேர்வுக் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். பணத்தைவிட, படித்து முடித்து வைத்திருந்த பாடத்தை எழுத முடியாமல் போன வலிதான் பெரிது. ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. சேர்வதற்கு முன்பே இரண்டு பல்கலைக்கழகத்தின் கடந்த மூன்று ஆண்டுத் தேர்வு அட்டவணையையும் எடுத்து ஒரே நாட்காட்டியில் இரண்டு நிறத்தில் குறியுங்கள். டிசம்பரில் நிறங்கள் நெருங்கி வந்தால், தொலைநிலையில் அந்தப் பருவத்துக்கு எல்லாத் தாளையும் எழுத முயல வேண்டாம். திறந்தநிலைப் படிப்பில் மூன்று ஆண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை நீட்டி முடிக்க இக்னோ போன்ற இடங்களில் அனுமதி உண்டு. அந்த நெகிழ்வுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம், அதைப் பயன்படுத்துவதில் வெட்கம் வேண்டாம். டிசம்பரில் இரண்டு தாள், ஜூனில் நான்கு தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜூனில் கல்லூரி விடுமுறை, தலை தெளிவாக இருக்கும். ஒப்படைப்புகளை, அதாவது அசைன்மென்ட்டுகளை, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கையால் எழுதி முடித்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிவிடுங்கள். ஒப்படைப்பு மதிப்பெண் ஏறாமல் முடிவு நிறுத்திவைக்கப்பட்டால், ரசீது இல்லாமல் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

பாடத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கு மகிழ்ச்சி. இரண்டையும் சேர்த்துப் படிப்பதன் உண்மையான பலன், பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் கிடைக்கும். குற்றவியலாளர் சதர்லாந்து, குற்றம் என்பது நாம் பழகும் ஆட்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது என்கிறார். உளவியலாளர் பாண்டுரா 1961இல் பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்த குழந்தைகளும் அடித்ததைக் காட்டினார். 1966இல் பர்ஜெஸும் ஏக்கர்ஸும் சதர்லாந்தின் கோட்பாட்டைக் கற்றல் உளவியலின் மொழியில் திருத்தி எழுதினார்கள். இதை ஒரே வாரத்தில் படித்தால் இரண்டு தாளுக்கும் ஒரே உழைப்பு. அதே மாதிரி, நினைவாற்றல் பாடம் வரும்போது, பலரை வரிசையாக நிறுத்திச் சந்தேக நபரைச் சாட்சியிடம் அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பை எடுங்கள். கார்கள் ‘மோதின’ என்று கேட்பதற்கும் ‘நொறுங்கின’ என்று கேட்பதற்கும் கார் எவ்வளவு வேகத்தில் போனது என்று சாட்சி சொல்லும் கணிப்பு மாறுகிறது என்று லாஃப்டஸும் பாமரும் 1974இல் காட்டியதைப் படித்தவருக்கு, அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபரின் படத்தைச் சாட்சிக்குக் காட்டினால் ஏன் வழக்கு பலவீனமாகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உண்மை கண்டறியும் சோதனைகளைப் படிக்கும்போது 2010ஆம் ஆண்டின் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் தீர்ப்பைச் சேர்த்துப் படியுங்கள். ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான்.

ஆனால் விடைத்தாளில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். நான் கலந்து மதிப்பெண் இழந்தேன். மனநோய் பற்றிய கேள்விக்கு உளவியலில் அறிகுறி, காரணம், சிகிச்சை எழுத வேண்டும். குற்றவியலில் அதே கேள்விக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவுதான் விடை: செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநலக் குறைவால், தன் செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாமல் இருந்தாரா என்பது மட்டுமே கேள்வி. நோய் இருந்தது என்பது போதாது. அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. மருத்துவர் சொல்லும் மனநோயும் நீதிமன்றம் ஏற்கும் மனநலக் குறைவும் ஒன்றல்ல என்ற இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் பிடிபட்டுவிடும்.

புள்ளியியல் இரண்டிலும் வரும். சராசரி, திட்ட விலக்கம், உடன்தொடர்பு, டி சோதனை, கை-வர்க்க (chi-square) சோதனை வரை பொதுவானவை. உளவியலில் கணக்கைக் கையால் போடச் சொல்வார்கள். குற்றவியலில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை வாசிக்கத் தெரிய வேண்டும். அங்கே ஒரு பொறி உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றம் இருந்தால், மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே அவர்கள் எண்ணிக்கையில் எடுத்துக்கொள்வார்கள். கொலையோடு சேர்ந்த பாலியல் வன்முறை, பாலியல் வன்முறைக் கணக்கில் சேராது. அந்த எண்களை அப்படியே வைத்து ‘குறைந்தது’, ‘கூடியது’ என்று எழுதிவிடாதீர்கள்.

2024 ஜூலை 1 அன்று சட்டமே மாறியது. நான் 1,850 ரூபாய்க்கு வாங்கிய மூன்று சட்டப் புத்தகங்களும் ஒரே நாளில் பழையவை ஆயின. 511 பிரிவு கொண்ட இந்திய தண்டனைச் சட்டம் போய் 358 பிரிவில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் 531 பிரிவில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டம் போய் 170 பிரிவில் பாரதிய சாக்ஷிய அதிநியம். எனக்கு வந்த அச்சிட்ட பாடப் புத்தகத்தில் பழைய எண்களே இருந்தன. பழையதைத் தூக்கிப் போடவும் முடியாது, ஏனென்றால் 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்கு இன்னும் பழைய தண்டனைச் சட்டம்தான். ஒரு நீள நோட்டில் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் ஒரு பக்கம், புதிய எண் எதிர்ப்பக்கம் என்று இரண்டு நெடுவரிசை போடுங்கள். 302க்கு எதிரே 103, 307க்கு எதிரே 109, 376க்கு எதிரே 64, 420க்கு எதிரே 318இன் 4ஆம் உட்பிரிவு, 498ஏவுக்கு எதிரே 85. அச்சிட்ட ஒப்பீட்டு அட்டவணை கிடைக்கிறது, ஆனால் கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும். புத்தகம் வாங்கும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 2024க்கு முந்தையது.

களப்பணி பற்றிக் கொஞ்சம். சேலத்தில் மத்தியச் சிறை இருக்கிறதே, எளிதாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சிறைக்குள் போக சிறைத்துறைத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் சென்னை இயக்குநரகத்திலிருந்து கடிதம் வர வேண்டும். ஜனவரியில் எழுதினேன், பதில் வர ஏழு வாரம், அதற்குள் திட்ட அறிக்கைக்கான தேதி முடிந்துவிட்டது. பருவம் தொடங்கிய வாரத்திலேயே துறைத் தலைவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். அனுமதி வராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போங்கள். விசாரணை பெரும்பாலும் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், யாரும் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து கவனிக்கலாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நான் ஆறு நாள் உட்கார்ந்து கற்றது, ஒரு பருவ வகுப்புக்குச் சமம். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகள் போன்றவை மூடிய அறையில் நடக்கும், அங்கே போகக் கூடாது. சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் பற்றிக் குறிப்பு எழுதினால் பெயர், ஊர், பள்ளி எதையும் எழுதாதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அடையாளத்தை வெளியிடுவது ஆறு மாதச் சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் வரை போகிற குற்றம். படிக்கிற பிள்ளைக்கு விதிவிலக்கு கிடையாது. ஒரே திட்ட அறிக்கையை இரண்டு இடத்திலும் கொடுக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம், எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் மாட்டும். ஒரே தலைப்பை இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளலாம், தரவும் எழுத்தும் வேறாக இருக்க வேண்டும்.

ஒன்றை யாருமே என்னிடம் சொல்லவில்லை. பகலில் குழந்தைப் பருவக் காயம் பற்றிப் படித்துவிட்டு, இரவில் அதே வகைக் குற்றத்தின் தீர்ப்புகளைப் படித்தால் மனசு தாங்காது. மூன்றாம் பருவத்தில் எனக்குத் தூக்கம் போனது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் பயம். அது பலவீனம் இல்லை, இந்தப் படிப்பின் வேலையோடு வருகிற சுமை. தீர்ப்புகளைப் பகலில் மட்டும் படியுங்கள், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், அதன்பின் கணக்கோ வரைபடமோ எடுங்கள். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் 14416க்கு அழையுங்கள், டெலிமானஸ் கட்டணமில்லாத மனநல உதவி எண், தமிழில் பேசலாம். நான் அழைத்தேன். அரை மணி நேரம் பேசினார்கள். அதன்பிறகுதான் அம்மாவிடமும் பேச முடிந்தது.

இரண்டு பட்டம் கையில் வந்தால் தடயவியல் உளவியலாளர் ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஆக முடியாது. மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை வைக்க, இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவு எண் வாங்க வேண்டும். இளங்கலை உளவியலோடு ‘கவுன்சலிங்’ பலகை மாட்டுவது தவறு. தடயவியல் பக்கம் போக விரும்பினால், உளவியலில் நேரடி முதுகலை படித்து அங்கிருந்து போக வேண்டும். காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடத்தைசார் தடயவியலுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. ஆனால் இரண்டையும் படித்தவருக்கு வேலை இருக்கிற இடம் இருக்கிறது. 16 முதல் 18 வயதுச் சிறார் கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவர்களின் மன, உடல் திறனை சிறார் நீதி வாரியம் முதல்நிலையாக மதிப்பிட வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. வாரியத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டமும் தெரிந்த, பிள்ளையின் மனசும் தெரிந்த ஆள் அங்கே மிகத் தேவை. ஆசிரியப் பணி என்றால் நெட் தேர்வில் உளவியலுக்கு 04, குற்றவியலுக்கு 68 என்று தனித்தனி எண், முதுகலை எதில் படித்தீர்களோ அதில்தான் எழுத முடியும்.

அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரை அறிவிக்கையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ‘குற்றவியல்’ என்று கேட்டிருக்க உங்கள் சான்றிதழில் ‘குற்றவியல் மற்றும் குற்ற நீதி நிர்வாகம்’ என்று இருந்தால், இணையானது என்று காட்ட அரசாணை கேட்பார்கள். அந்த ஆணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு சான்றிதழிலும் ஒரே ஆண்டுகள் இருப்பதைப் பார்த்ததும் சரிபார்ப்பு மேசையில் “இது எப்படிம்மா?” என்று கட்டாயம் கேட்பார்கள். முதல்வருக்கு எழுதிய கடிதத்தின் முத்திரைப் பிரதி, 2022 அறிவிப்பு, இரண்டு போனஃபைடு, தொலைநிலைப் பிரிவின் பட்டியலில் உங்கள் படிப்பு இருந்ததைக் காட்டும் அச்சுப் பிரதி, இந்த நான்கையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். பட்டியலின் அச்சுப் பிரதியைச் சேர்கிற அன்றே எடுத்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கம் அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

என் சித்தி மகள் இந்த வருடம் பிளஸ் டூ. அவளுக்கு நான் முதலில் செய்து கொடுத்தது, அவளை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் மாற்றியது. விண்ணப்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.